பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம்

நொடிக்கு 1 ஜிகாபிட் தரும் கண்ணாடி இழை இணைப்பு வந்த பின்னரும், உள்ளறையில் அமர்ந்தால் இணையவழிக் கருத்தரங்கு தடைப்படுகிறது. உடனே நம் ஆய்வாளர் வட்டத்தில் எழும் கேள்வி, 'பழைய மெஷ்ஷுக்குப் பதிலாக எதை வாங்கலாம்?' என்பதே. பழைய பெட்டிகளுக்கிடையே தரவு எவ்வழியாகச் செல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மெஷ் தொகுப்பில் ஒரு பெட்டி மட்டுமே இழை இணைப்போடு பிணைந்திருக்கும். ஏனையவை அதனிடமிருந்து வானலை வழியே தரவைப் பெற்று நம் கருவிகளுக்கு அளிக்கின்றன. பெறுவதும் அளிப்பதும் ஒரே அலைவரிசையில் நிகழுமானால், அதன் நேரம் இரு பணிகளுக்கும் பங்கிடப்பட்டு, வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்றாவது பெட்டி இரண்டாவதை அண்டியிருந்தால் இன்னும் குறையும். செங்கற்சுவரும் கான்கிரீட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்குவது தனி. புதிய தொகுப்பை வாங்கி அதே இடங்களில் வைத்தால், அச்சுவர்கள் எங்கும் போய்விடுவதில்லை.

பெட்டியின் மேலுள்ள எண்ணையும் நம்புவதற்கில்லை. வைஃபை 6 வகையில் 'ஏஎக்ஸ்3000' என்பது, 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸின் 2402 மெகாபிட் ஆகிய ஏட்டளவு உச்சங்களைக் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு மடிக்கணினி ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றையே பயன்படுத்தும். குறிப்பான் உண்டு, குறிப்பீடு இல்லை. மொழியியல் வகுப்பிற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்க மதிப்புரைகளைப் படித்து வைஃபை 7 வாங்குவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். அந்நாடு 2020இல் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது. இந்தியா 2025இல் வெளியிட்ட வரைவு விதிகளோ கீழ்ப்பகுதியின் 500 மெகாஹெர்ட்ஸைப் பற்றியவை மட்டுமே; வைஃபை 7 பெருமையடிக்கும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் அதற்குள் ஒன்றுதான் அடங்கும். 6 கிகாஹெர்ட்ஸ் அறவே இல்லாமல் அதே முத்திரையோடு விற்கப்படும் பெட்டிகளும் உள்ளன. உயர்தரத் தொகுப்பு ஒன்றின் விலைக்கு இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகையான 37,000 ரூபாயும் போதாமற்போகலாம்.

ஆகவே, இருக்கும் பெட்டிகளை முதலில் ஓர் ஈதர்நெட் கம்பியால் இணைத்துப் பாருங்கள். கேட் 6 கம்பி 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கடத்தும். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையாவிடில், தட்டைக் கம்பியைக் கதவு நிலையின் ஓரமாகவே கொண்டு செல்லலாம். பெட்டியின் துளை 100 மெகாபிட் வகையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான தொகுப்புகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. அப்படியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கம்பிக்கு வழியே இல்லாத வீடுகளுக்கு மட்டுமே, பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை ஒதுக்கும் மூன்று அலைவரிசைத் தொகுப்பு அதன் விலைக்குத் தகும். ஓரறை வாசிகளுக்கு மெஷ்ஷே வேண்டாம். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து உயரத்தில் வைத்தால் போதும்.