70,000 டாலர் முதுகலைப் படிப்பு யாருக்கு?



அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகங்கள் இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் முதுகலைப் படிப்புகளுக்கு, அதாவது புள்ளியியலையும் கணினி நிரலாக்கத்தையும் இணைத்துப் பெருந்தரவிலிருந்து முடிவுகளைக் காணப் பயிற்றும் படிப்புகளுக்கு, விதிக்கப்படும் கட்டணம் எந்த நியாயத்துக்கும் கட்டுப்பட்டதாக இல்லை. ஜார்ஜியா டெக் 2017 முதல் இணையவழியில் நடத்திவரும் பகுப்பாய்வியல் முதுகலைப் பட்டத்தின் கட்டணம் 10,000 டாலரை ஒட்டியே அமைய, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கிய ஒத்த பட்டத்துக்கு 70,000 டாலருக்கு மேல் செலுத்த வேண்டியுள்ளது. இரண்டும் மக்கள் வரிப்பணத்தால் வளர்ந்த நிறுவனங்கள்.

இந்த இடைவெளிக்குக் கற்பித்தலின் தரமே காரணம் என்பதை ஏற்க இயலாது. பெர்க்லி தன் பட்டத்தை 2யூ என்னும் நிறுவனத்துடன் இணைந்து நடத்தியது; விளம்பரம், மாணவர் சேர்ப்பு, இணையத்தளம் ஆகியவற்றைக் கவனித்து, ஈடாகக் கட்டண வருவாயில் பங்கு பெறும் இத்தகைய இடைநிறுவனங்கள் பல ஒப்பந்தங்களில் பாதிக்கும் மேலானதை எடுத்துக்கொண்டன. சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஊதியம் தரலாகாது என்னும் கூட்டாட்சி விதிக்கு 2011இல் கல்வித்துறை அளித்த விளக்கமே இதற்கு வழிவிட்டது.

வகுப்பில் யார் இடம்பெறுவர் என்பதைக் கட்டணமே பெருமளவு முடிவு செய்கிறது. ஜார்ஜியா டெக் 2014இல் சுமார் 7,000 டாலருக்குத் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலையைக் குட்மன், மெல்கர்ஸ், பல்லாய்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, வளாகப் படிப்புக்கு விண்ணப்பித்தோர் பெரும்பாலும் 24 வயதையொட்டிய வெளிநாட்டவராகவும், இணையவழிக்கு விண்ணப்பித்தோர் 34 வயதையொட்டிய, பணியிலிருக்கும் அமெரிக்கராகவும் இருந்தனர். அந்த இணையவழிப் படிப்பில் இடம் கிடைக்காதோர் பெரும்பாலும் வேறெங்கும் சேரவில்லை என்பது அவ்வாய்வின் மிக முக்கியமான, மிகவும் வேதனை தரும் முடிவு.

கலிஃபோர்னியாவில் 1996ஆம் ஆண்டின் 209ஆம் முன்மொழிவும், நாடெங்கும் 2023ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மாணவர் தேர்வில் இனத்தைக் கருத்தில் கொள்வதைத் தடுத்துவிட்ட நிலையில், கறுப்பின, லத்தீன் அமெரிக்க, எளிய குடும்ப மாணவர்களைச் சேர்க்கப் பல்கலைக்கழகத்திடம் எஞ்சியுள்ள வலிமையான கருவி கட்டணக் குறைப்புதான். அதைத் தொடாமலே பன்மைத்துவம் பேசுவது அம்மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இந்நிலை மேலும் மோசமாகவுள்ளது. படிப்புச் செலவு முழுவதையும் கூட்டாட்சி அரசிடமே கடனாகப் பெற வழிசெய்த கிராட் பிளஸ் திட்டத்தை, 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு மூடிவிட்டு, இத்தகைய முதுகலைக் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் என உச்சவரம்பு விதித்துள்ளது. மிச்சத்துக்குத் தனியார் கடனையே நாட வேண்டியவர்கள், பிணை நிற்க வசதியான உறவினர் இல்லாதவர்களாயின், விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிடுவர்.

கடன் வரம்பைக் காட்டித் தனியார் கடன் நிறுவனங்களிடம் மாணவர்களை அனுப்பிவைப்பதை விடுத்து, பெர்க்லி பட்டத்தின் கட்டணத்தில் கற்பித்தலுக்குச் செல்வது எவ்வளவு, விளம்பரத்துக்கும் இடைநிறுவனங்களுக்கும் சென்றது எவ்வளவு என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு அடுத்த சேர்க்கைக்கு முன் வெளியிட்டு, கற்பித்தலுக்குத் தொடர்பற்ற தொகையைக் கட்டணத்திலிருந்து நீக்க வேண்டும்.

இவண்,
ஒரு வாசகர்