மேடைக்கு மார்க் போடுகிறவர்கள்

2024 அக்டோபர் 27. விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு முடிந்து, நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்குள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டீக்கடைகளில் பேப்பர் திருத்தல் தொடங்கிவிட்டது. "பார்த்துப் படிச்சாரா, மனசுல இருந்து பேசுனாரா?" "குரல் ஓகே, கை ஆட்டறதுதான் சினிமா மாதிரி இருக்கு." செல்போனில் அரை நிமிடத் துண்டு ஒன்று மேசைக்கு மேசை கைமாறியது. கட்சித் தலைவர் விஜய்க்கு எண்பது போட்டவர்களும் உண்டு, முப்பது போட்டவர்களும் உண்டு. மேடையில் தேறியவர் தேர்தலிலும் தேறுவார், அப்புறம் கோட்டையிலும் தேறுவார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

இந்த நம்பிக்கையை மறுக்க இதே விக்கிரவாண்டியே போதும். மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 10 அன்று அங்கே இடைத்தேர்தல். தமிழ்நாட்டில் இன்று மேடையை அதிரவைப்பவர் யார் என்று கேட்டால் சீமான் பெயரை விடமுடியாது. அவருடைய கட்சிக்குக் கிடைத்தது பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டு, டெபாசிட் போனது. தி.மு.க.வின் அன்னியூர் சிவா 67,757 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே தொகுதியில் 2019 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது. அன்று அது ஆளுங்கட்சி, 2024இல் தி.மு.க. ஆளுங்கட்சி. ஊர் ஊராக முகாம் போட்ட அமைச்சர்களும் பூத் கமிட்டிகளும் செய்த வேலையை எந்த மைக்கும் செய்யவில்லை.

"திராவிட இயக்கமே பேச்சால் வளர்ந்ததுதானே?" என்பார்கள். வளர்ந்தது, உண்மை. ஆனால் அந்த இயக்கத்தின் தலைசிறந்த பேச்சாளர் அண்ணா, 1962இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் முதலாளியிடம் தோற்றார். அவருடைய கட்சி அதே தேர்தலில் 50 இடங்களைப் பிடித்தது. 1967 வெற்றிக்குப் பின்னால் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் ராஜாஜியோடு செய்த கூட்டணியும் இருந்தன. 1984இல் எம்.ஜி.ஆர். ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. நியூயார்க்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார்.

அமெரிக்காவில் இந்த மார்க் போடும் பழக்கம் ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த விவாதங்களில் முன்னணியில் இருந்த டிரம்ப் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. டிக்கெட் அவருக்கே கிடைத்தது. செப்டம்பர் விவாதத்தில் கமலா ஹாரிஸ் ஜெயித்ததாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. நவம்பரில் ஜெயித்தவர் டிரம்ப். மேடை ஆளைக் கவிழ்க்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: ஜூன் விவாதத்தில் தடுமாறிய பைடன் ஒரு மாதத்துக்குள் போட்டியிலிருந்தே விலகினார். ஆனால் கவிழ்க்கிற மேடை கரையேற்றியும் விடும் என்று யார் சொன்னது?

சரி, ஓட்டுக் கணக்கை விடுவோம். நன்றாகப் பேசுகிறவர் நன்றாக ஆள்வார் என்கிற இரண்டாம் பாதிதான் இன்னும் மோசம். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர். இரண்டே ஆண்டுகள். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுக்க மதுவிலக்கு எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. அவர் மேடையில் பேசியதில் ஒரு வரியாவது இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா? ஓமந்தூர்க்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம். காமராஜரும் அடுக்குமொழி பேசி ஒன்பது ஆண்டு ஆளவில்லை.

வி.சாலை மாநாடு முடிந்து ஐந்தே வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. இருவேல்பட்டில் நிவாரணம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்களைப் பார்க்கப் போன அன்றைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. பொன்முடி கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், மேடையில் சொல்லுக்குத் திணறாதவர். இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தொலைத்துவிட்டு நின்றவர்களிடம் அந்தச் சரளம் செல்லவில்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போட 2006-07 வாக்கிலேயே அனுமதி கிடைத்தது. அதன்பின் இந்தப் பக்கம் மைக் பிடித்த எத்தனை பேருக்கு எத்தனை கைதட்டல்! செஞ்சிக்காரர்கள் இன்னும் பஸ்ஸில்தான் திண்டிவனம் வந்து ரயில் ஏறுகிறார்கள்.