குனிவது இடுப்பிலா, தொடையிலா?

கேள்வி: ''கும்பப்பூ நடவு தொடங்கிவிட்டது. அரை நாள் நட்டாலே முதுகு பிடித்துக்கொள்கிறது. நடவை விட்டால் கூலியும் போகும். வலி குறைய வழி உண்டா?''
- வாசகி, பூதப்பாண்டி.

பதில்: உண்டு. சேலை கட்டும் இடுப்பில்தான் உடல் மடிகிறது என்று நினைத்தே பலரும் குனிகிறார்கள். அங்கே இருப்பது முதுகெலும்பு. மடிய வேண்டிய மூட்டு அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தொடையிடுக்கில் விரலை வைத்து முழங்காலை உயர்த்திப் பாருங்கள். மடிப்பு விழும் இடம் தெரியும்.

அந்த இடத்தைக் கதவுக் கீலாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது கீல்தான் திரும்பும், பலகை வளையாது. உங்கள் முதுகுதான் பலகை. இப்படி மனதில் ஒரு படத்தை வைத்து உடலசைவைத் திருத்தும் முறையை, அமெரிக்காவின் மேபல் டாட் 1937-ல் வெளிவந்த தன் நூலில் விளக்கியிருக்கிறார்.

வயலில் இறங்குமுன் வரப்பில் நின்று ஐந்து முறை பழகுங்கள். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, மூச்சை அடக்காமல் மெதுவாகக் குனியுங்கள். உடம்பில் எங்கே இறுகுகிறது என்று கவனியுங்கள். நடும்போது எட்டி எட்டி நடாமல், காலை நகர்த்தி நடுங்கள். சில வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து நில்லுங்கள். எவ்வளவு சரியாகக் குனிந்தாலும் ஓய்வில்லாமல் முதுகு தாங்காது.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ தாமதிக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடனே காட்டுங்கள்.