வாய் திறந்தால்தான் வைத்தியம் என்றால், வாய் திறக்க இடம் எங்கே?



வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. இரண்டு வாரமாக அரிப்பு. வெள்ளைப்படுதல் அதிகமாகி, வாடையும் மாறியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்கிறார். மாமியாரிடம் சொல்ல வெட்கம். கணவர் சந்தேகப்படுவாரோ என்று பயம். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. கவலையைச் சுமந்துகொண்டே ஏறிவிடுகிறீர்கள்.

பினாங்கில் எத்தனை அடுக்குமாடி வீடுகளில் இந்தக் கவலை கதவுக்குப் பின்னால் கிடக்கிறது! இதை வெட்கக்கேடு என்று நினைத்து மூடி வைக்கிறோம். இல்லை, இது உரிமைப் பிரச்சனை. ஏன் என்று சொல்கிறோம்.

ஜாலான் பேராக் கிளினிக்கோ ஆயர் ஈத்தாம் கிளினிக்கோ, நீங்கள் பதிவுக்குப் போன முதல் நாளை நினைத்துப் பாருங்கள். இரத்தம் எடுத்தார்கள். இரத்தச் சோகை, சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்க்கிறார்கள். பிங்க் புத்தகத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் உங்கள் இரத்தமும் சிறுநீரும் பேசிவிடும்.

ஆனால் பிறப்புறுப்புத் தொற்று அப்படியல்ல. அறிகுறி இல்லாத எல்லாத் தாய்மாருக்கும் அதற்கென்று வழக்கமான பரிசோதனை கிடையாது. நீங்கள் சொன்னால்தான் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் பிங்க் புத்தகத்தில் ஒரு வரிகூட வராது.

சரி, எங்கே சொல்வது? நம்பர் கூப்பிடும் கூடத்தில், பக்கத்து நாற்காலியில் மூன்று பேர் காது கொடுத்திருக்க, தாதியின் மேசை முன்னால் நின்றா? எந்த மொழியில்? மார்க்கெட்டில் மீன் வாங்கும் மலாய் நமக்கு வரும். உடம்பின் மறைவிடத்தைப் பற்றிப் பேசும் மலாய் யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? "ஒன்றுமில்லை மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

இந்த "ஒன்றுமில்லை"தான் நம் எதிரி. இதை உடைக்க மூன்று மலாய்ச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். வெள்ளைப்படுதலுக்குக் கெபுத்திஹான். அரிப்புக்குக் காத்தால். கெட்ட வாடைக்குப் பாவ் பூசோக். இந்த மூன்றையும் சொன்னால் போதும், மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்கள் வேலை. கூடத்தில் சொல்லப் பிடிக்கவில்லையா? "உள்ளே போய்ப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

இனி நோயைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததுதான் பயத்தை வளர்க்கிறது.

கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயற்கை. மெல்லியதாக, பால் நிறமாக, வாடையோ அரிப்போ இல்லாமல் இருந்தால் அது நோயல்ல.

தயிர்க்கட்டி போலத் திரிந்து, கடுமையான அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கர்ப்பிணிகளுக்கு இது சகஜம். பொதுவாகப் பிள்ளைக்கு ஆபத்தில்லை. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை தருவார்கள். ஆனால் மருந்துக் கடையில் நீங்களாகவே வாயில் போடும் ஃப்ளூகோனசோல் மாத்திரை வாங்காதீர்கள். கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சாம்பல் நிறத்தில், மீன் கவிச்சி போல வாடை வந்தால் அது பாக்டீரியல் வஜைனோசிஸ் ஆக இருக்கலாம். இதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதற்காக நடுங்க வேண்டாம். இது வந்தவர்களில் மிகப் பலர் நிறைமாதத்தில்தான் பெறுகிறார்கள். ஆனால் மறைக்க வேண்டாம். முன்பு குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர் என்றால் அதையும் சேர்த்துக் கட்டாயம் சொல்லுங்கள்.

மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால், அல்லது புண்ணோ கொப்புளமோ இருந்தால், உறவின் வழி பரவும் கிருமியாக இருக்கலாம். கிளமிடியா, கொனோரியா போன்றவை அறிகுறி காட்டாமலே இருந்து, பிரசவத்தில் பிள்ளையின் கண்ணைத் தாக்கக்கூடும். இவற்றுக்குக் கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். மனைவியை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் சகோதரர்களே, உள்ளே வாருங்கள்!

எப்போது போவது? அரிப்பு, வாடை, நிற மாற்றம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் ஓரிரு நாளில் போய்விடுங்கள். சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும். தண்ணீர் போலக் கசிந்தால், இரத்தம் பட்டால், காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால், 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், இரவோ பகலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999 அழையுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. டெட்டால், வினிகர், மஞ்சள் தண்ணீர், கடையில் விற்கும் வெற்றிலைக் கழுவு நீர், எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். காவல் காக்கும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். வெளியே சாதாரணத் தண்ணீர் போதும். இந்த நோய் அழுக்கால் வருவதல்ல. உங்களை அழுக்கு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை!

அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை கூடினால் பூஞ்சை செழிக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 சதவீதம்! நம் வீட்டில் தீராத அரிப்பைச் சூடு என்று தள்ளிவிட முடியுமா?

"லீவு போட்டால் சம்பளம் போகுமே" என்கிறீர்கள். நியாயமான பயம். 1955 வேலைச் சட்டப்படி மருத்துவர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள். 2023 ஜனவரி 1 முதல், கர்ப்பிணியையும் கர்ப்பத்தால் நோயுற்றவரையும் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் மாதப் பரிசோதனைக்கென்று சம்பள விடுப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. டைம் சிலிப்போடு திரும்பும் பெண்ணின் அரை நாள் கூலி முதலாளியின் மனசைப் பொறுத்தது. கூலியா, பிள்ளையா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது என்ன நீதி?

ஐ.சி. இல்லாத நம் சகோதரிகளின் நிலை இன்னும் கொடுமை. குடிமகள் ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கும் அதே அரசாங்கக் கிளினிக்கில், இந்த மண்ணில் பிறந்தும் பத்திரம் இல்லாதவளிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். அவள் எப்படி அரிப்புக்காக வருவாள்? வலி தாங்க முடியாத கடைசி நேரத்தில்தான் வருவாள்.

அரசாங்கத்தால் முடியாது என்று சொல்லாதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். தாய்மார் ஒவ்வொருவரையும் தேடிப் பரிசோதித்ததால் வந்த வெற்றி அது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக நமக்கு நாமே ஒரு கேள்வி. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதியில் தண்ணீர் பீரங்கியை எதிர்த்து நின்றோம். 2009-இல் கம்போங் புவா பாலாவை இடித்தபோது கொதித்தோம். நிலத்துக்குக் கேட்டோம், கோயிலுக்குக் கேட்டோம், பள்ளிக்குக் கேட்டோம். நம் மேடையில் எத்தனை முறை கர்ப்பிணிப் பெண்ணின் உடம்புக்காகக் கேட்டிருக்கிறோம்? அந்தக் கூட்டங்களில் பெண்கள் இல்லையா? நம் ஆண்களின் வெட்கமும் அவள் வாயைப் பூட்டியது என்பதை ஒப்புக்கொள்வோம்.

நாம் கேட்பது நான்கு. ஒவ்வொரு கர்ப்பப் பரிசோதனையிலும் "வெள்ளைப்படுதல், அரிப்பு, வாடை உண்டா?" என்று தாதியே முதலில் கேட்க வேண்டும், அதைத் தமிழிலும் அச்சிட்டு வைக்க வேண்டும். பேசுவதற்குக் கதவு மூடிய அறை வேண்டும். பரிசோதனை நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். ஐ.சி. இல்லை என்பதற்காக எந்தக் கர்ப்பிணியும் திரும்பிப் போகக் கூடாது.

இவை கிடைக்கும்வரை போராடுவோம். ஆனால் பிள்ளை அதுவரை காத்திருக்காது. இன்றிரவு கவலையோடு படுத்திருக்கும் சகோதரியே, நாளைக் காலை பிங்க் புத்தகத்தை எடு. அந்த மூன்று சொற்களைச் சொல். நீ வாய் திறப்பதும் போராட்டம்தான்!