பாண்டிக்கு மணல் திரும்பியது... பக்கத்துக் குப்பங்களுக்கு ஏன் வெறும் கல்?

வீக் எண்ட் பாண்டி போகும் யாரும் ராக் பீச்சில் ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. ஆனால் அந்தப் பெயரை யோசித்திருக்கிறீர்களா? பீச் என்றால் மணல்தானே, இங்கே மட்டும் ஏன் பாறை? ஐம்பது வயதைத் தாண்டிய பாண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணலில் விளையாடிய கதையைச் சொல்வார்கள். அந்த மணல் காணாமல் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நகரத்தைவிட அதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் வடக்கே இருக்கும் மீனவ கிராமத்து மக்கள்.

மணல் எங்கே போச்சு?

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் 'தெண்டி' என்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் 'வன்னி'. வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அது தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர்.

1986-ல் தொடங்கி 1989-க்குள் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே நடந்த மணலுக்குக் குறுக்கே கை நீட்டியதுபோல் ஆனது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை பட்டினி கிடந்தது.

இது நடக்கும் என்று தெரியாமல் கட்டிவிட்டார்களா என்றால், இல்லை. தேங்கும் மணலை உறிஞ்சி எடுத்து, குழாய் வழியாக வடக்குப் பக்கம் கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது தொடர்ந்து நடக்கவில்லை. முகத்துவாரம் தூர்ந்துபோய், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகுகள் வெளியே வர முடியாமல் தவிப்பதும் இதே மணலால்தான். ஒரு பக்கம் மணல் அதிகமாகி ஆபத்து, சில கிலோமீட்டர் தள்ளி மணல் இல்லாமல் ஆபத்து.

கல்லும் எல்லையும்

கடல் உள்ளே வந்ததும் அரசு பாறைகளைக் கொட்டியது. பாறை பின்னால் இருக்கும் ரோட்டைக் காப்பாற்றும், மணலை அல்ல. அலை பாறையில் மோதித் திரும்பும்போது மிச்சமிருக்கும் மணலையும் எடுத்துப் போகும். கல் எங்கே முடிகிறதோ, அரிப்பு அங்கே தொடங்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாக வடக்கே நகர்ந்தது.

அதற்கப்புறம் எல்லை வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் விசித்திரமானது. ஈசிஆரில் வடக்கே போனால் புதுச்சேரி முடிந்து கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இந்தக் கோடு தெரியாது, ஃபைலுக்குத் தெரியும். புதுச்சேரி துறைமுகம் தடுத்த மணல் தமிழ்நாட்டுக் குப்பத்துக்கு இல்லை. தமிழ்நாடு தன் ஊரைக் காக்கக் கல் போட்டால், அடுத்து அடி விழுவது புதுச்சேரிக் குப்பத்துக்கு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது பிள்ளைச்சாவடியில் வீடுகள் இடிந்து கடலுக்குள் போயின. மக்கள் ஈசிஆரில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் இன்னொரு கல் கை. வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது, 'அது அடுத்த ஊரைப் பாதிக்கும்' என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

மணல் போனால் என்ன போகும்?

நமக்கு பீச் என்பது காற்று வாங்கும் இடம். குப்பத்துக்கு அது ஆபீஸ், பார்க்கிங், சந்தை எல்லாம். ஃபைபர் படகைக் கரையேற்ற மணல் வேண்டும். கல்லில் ஏற்றினால் அடிப்பகுதி உடையும். கரைவலை இழுக்க மணல் வேண்டும். வலை உலர்த்த, பழுது பார்க்க, மீனை ஏலம் விட, கருவாடு காயப்போட மணல்தான் இடம். மணல் போன ஊர்க்காரர் படகைத் துறைமுகத்திலோ பக்கத்து ஊரிலோ நிறுத்த வேண்டும். டீசல், ஆட்டோ, காவல் என்று செலவு ஏறும். அதிகம் இழப்பது பெண்கள். வாசலில் வந்து இறங்கிய மீனைக் கூடையில் எடுத்துப்போய் விற்றவர், இப்போது பஸ் ஏறிப்போய் மொத்த வியாபாரியோடு போட்டி போட்டு வாங்க வேண்டும்.

கடலுக்குள்ளும் நிலைமை சுகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மற்ற நாளில் சுருக்குமடி வலைச் சண்டை. 2021 ஆகஸ்ட்டில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் மோதிக்கொண்டபோது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. மீன் குறையும்போது, கரையும் குறையும்போது, சொந்தக்காரர்களே எதிரெதிரே நிற்கிறார்கள்.

படித்த பிள்ளைகள் கம்பெனி வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போவதில் ஆச்சரியமில்லை. அதில் இழப்பு மட்டுமே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2004 சுனாமி அன்று நல்லவாட்டைக் காப்பாற்றியது சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரின் போன் கால். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரைக் காலி செய்தார்கள்.

சுனாமி கிளம்பிய இந்தோனேசியாவிலும் இதே கதை இன்னும் மோசமாக ஓடுகிறது. ஜாவா தீவின் டெமாக் பகுதியில் திம்புல்ஸ்லோகோ என்ற கிராமம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. இறால் பண்ணைக்காக அலையாத்திக் காட்டை வெட்டினார்கள், நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரையும் அமிழ்ந்தது. வீட்டுத் தரையை மீண்டும் மீண்டும் உயர்த்தி, மரப்பலகைப் பாதையில் நடந்து வாழ்கிறார்கள். அங்கும் யாரோ எடுத்த முடிவுக்குக் குப்பம்தான் பில் கட்டுகிறது.

சரி, வழி இல்லையா?

இருக்கிறது, பாண்டியிலேயே பாதி நிரூபணம் ஆகியிருக்கிறது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. இரும்புக் கூட்டுக்குள் பாறை. அலையின் வேகம் குறைந்து மணல் தங்கியது, டூரிஸ்ட் மறுபடி கால் நனைக்கிறார். நல்ல வேலைதான். ஆனால் அந்தத் திட்டு வருகிற மணலைப் பிடித்து வைக்குமே தவிர, வரத்தைக் கூட்டாது. நகரத்துக்கு யோசித்துச் செய்த தீர்வு, குப்பத்துக்கு அவசரத்துக்கு லாரிக் கல் என்ற நிலை அதோடு மாறிவிடவில்லை.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை அளந்ததில், இந்தியக் கடற்கரையில் 33.6% அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. புதுச்சேரியில் 56.2%. மேற்கு வங்கத்துக்கு அடுத்த இடம்.

மணல் வரத்தைக் கூட்ட ஒரே வழி, 1980களில் எழுதி வைத்ததைச் செய்வது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் கிட்டத்தட்ட இதே சிக்கல். தடுப்புச் சுவர், வடக்கே போகும் மணல், நடுவே மாநில எல்லை. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, 2001 முதல் மணலைப் பம்ப் செய்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒருமுறை திறப்பு விழா நடத்தி முடிக்கிற வேலை இல்லை, வருஷாவருஷம் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டிய வேலை. இங்கே சிக்குவது அதில்தான். கல் கொட்டினால் போட்டோ வரும், பம்ப் ஓடினால் வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமக் கடலோரத்தில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் ஒரு பக்கம் உள்ளே வர, ரிசார்ட் மறுபக்கமிருந்து நெருங்கலாம். ஆகவே அடுத்த முறை 'கடல் அரிப்பைத் தடுக்க இத்தனை கோடி' என்று செய்தி வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். அது கல்லுக்கா, மணலுக்கா? எல்லைக்கு அந்தப் பக்கத்து அரசும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா?