கட்டிய கயிறும் நகரும் நிழலும்



மே மாதம் பிறந்துவிட்டால் நமது கரையோரத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் இழந்து, அனலாக இறங்கி வருகின்ற காற்று அது. மருதமுனை முதல் பொத்துவில் வரை சில மாதங்களுக்கு இதே கதைதான். கிணற்று நீர் கீழே போகும். முற்றத்து மணல் கொதிக்கும். நாமோ பகலில் மின்விசிறிக்குக் கீழே இருந்துவிட்டு, வெக்கை தணிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறோம். நல்லதுதான். ஆனால் நம் வளவில் நிற்கும் ஆடு, கோழி, முயல், பூனை, கூட்டில் இருக்கும் குருவி ஆகியவற்றின் பகற்பொழுது எப்படிக் கழிகிறது என்று நினைத்துப் பார்த்தோமா?

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவானது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் உள்ளதைத் தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. இந்த இரண்டாவது பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அவிழ்த்து விட்டிருந்தால் அது தன் பாட்டைத் தானே பார்த்திருக்கும். கட்டிய பிறகு, அது தேட வேண்டியதையெல்லாம் தேடிக் கொடுக்கும் பொறுப்பு கட்டியவருடையதாகி விடுகிறது. உணவுக்கு மட்டுமா இந்தக் கணக்கு? நிழலுக்கும் தண்ணீருக்கும் இதே கணக்குத்தான்.

நமக்கு வெக்கை வந்தால் உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. பிராணிகளுக்கு அந்த வசதி குறைவு. பூனைக்குப் பாதங்களில் மட்டுந்தான் வியர்க்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். முயல் தன் நீண்ட காதுகள் வழியாகவே பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே கோழி வாய் பிளந்து நின்றால், பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அது தன் மொழியில் சொல்லும் முறைப்பாடு.

நம் வளவுகளில் அடிக்கடி நடப்பது ஒன்றுண்டு. காலையில் ஆட்டை மரநிழலில் கட்டிவிட்டு வேலையில் மூழ்கிவிடுகிறோம். காலை வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் மரத்தின் நிழல் வயல் பக்கம் விழுந்திருக்கும். லுஹருக்குப் பின் வெயில் வயல் பக்கம் சாய்ந்ததும் நிழல் கடல் பக்கம் திரும்பிவிடும். நிழல் நகர்ந்துவிட்டது, கயிறு நகரவில்லை. அந்த ஆடு அஸர் வரை உச்சி வெயிலில் நிற்கும். லுஹர் தொழுகைக்கு உளூச் செய்யப் போகும்போது ஆட்டையும் இடம் மாற்றிக் கட்டுவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். பக்கத்தில் கவிழாத பாத்திரத்தில் தண்ணீரும் வைத்துவிட்டால் போதும்.

தகரக் கூரையுள்ள கோழிக்கூடு நண்பகலில் அடுப்பாகி விடும். மேலே கிடுகு போடலாம். நனைத்த சாக்கை விரிக்கலாம். முயல் கூட்டையும் குருவிக் கூட்டையும் காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைக் காலையில் ஒரு தடவை வைத்தால் போதாது. மதியத்துக்குள் அது சூடேறிவிடும். நோயுற்ற பிராணியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுக் கடைக்கு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்ளே பத்து நிமிடத்திலேயே சுமார் 10 பாகை சூடு ஏறிவிடும்.

வெக்கையால் சோர்ந்து விழுந்த பிராணியை முதலில் நிழலுக்குக் கொண்டு வாருங்கள். கிணற்று நீரால் நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தண்ணீரை வாயருகே வையுங்கள். பலவந்தமாக ஊற்றினால் புரைக்கேறி விடும். பிறகு தாமதியாமல் மிருக வைத்தியரை நாடுங்கள்.

இன்னுமொரு விடயம். ஹஜ்ஜுப் பெருநாள் 2023இல் ஜூன் கடைசியிலும், 2024இல் ஜூன் நடுவிலும், 2025இல் ஜூன் முதல் வாரத்திலும் வந்தது. இனிவரும் சில வருடங்கள் மே மாதத்தில் வரும். அதாவது உழ்ஹிய்யாப் பிராணிகள் நம் வீட்டு வாசலுக்கு வருவது வெயில் காலத்தில்தான். நெடுந்தூரம் லொறியில் நின்று வந்த மாட்டை ஒழுங்கையோரத்தில் கட்டிவிட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் வாலை இழுப்பதும் நடக்கிறது. அல்லாஹ்வுக்காக அறுக்கப்படவிருக்கும் பிராணி, அதற்கு முந்திய இரண்டு நாட்களைத் தாகத்தோடு கழிக்கலாமா? ஆண்கள் விலை பேசி வாங்கி வரட்டும்; ஓலைப் பந்தலும் ஒரு வாளித் தண்ணீரும் நம் பொறுப்பாக இருக்கட்டும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை.

இனிக் கடற்கரைக்கு வருவோம். பூனைக்குட்டியையோ ஆட்டுக்குட்டியையோ கூட்டிப்போகப் பிள்ளைகள் அடம்பிடித்தால், புறங்கையை மணலில் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத மணலை அதன் பாதமும் பொறுக்காது. வீட்டிலிருந்தே குடிநீர் கொண்டு போங்கள். கடல்நீர் தாகத்தைக் கூட்டுமே தவிரத் தணிக்காது. அங்கே அலையும் தெருநாய்களைச் சீண்ட விடாதீர்கள். நாயோ பூனையோ கடித்தால் அல்லது கீறினால், உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் வெளிப்பட்ட பின் உயிர் தப்புவது மிக மிக அரிது. வீட்டுப் பூனைக்கும் வருடந்தோறும் தடுப்பூசி போடுங்கள்.

தின்பண்டம் சுற்றிய பொலித்தீனை மணலில் விட்டு வராதீர்கள். உப்பும் எண்ணெயும் மணக்கின்ற பையை ஆடு மாடுகள் அப்படியே விழுங்கிவிடும். அது வயிற்றில் செரிக்காது, வெளியேயும் போகாது. நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சுற்றுவட்டார ஊர்களின் குப்பைதான் அங்கே போய்ச் சேர்ந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால், நம் வளவு ஆடு எம்மாத்திரம்?

தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாம் கிணற்றில் இறங்க வேண்டியதில்லை. ஒரு சிரட்டைத் தண்ணீரை வேலியோரம் வைத்தால் போதும். நாளை லுஹர் நேரத்தில் ஒரு தடவை வளவைச் சுற்றி வாருங்கள், சகோதரிகளே. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கயிறு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள்.