ஆபரேஷன் சக்சஸ், அப்புறம்?

"ஆபரேஷன் சக்சஸ்" என்று யாராவது சொன்னாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. தமிழ் சினிமா டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்லிச் சொல்லி நம் மண்டையில் ஏற்றிய வார்த்தை. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரிய ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவும் ஆஸ்பத்திரியில் தெரியாது, பள்ளிக்கூடத்தில் தெரியும்.

இதைச் சொல்ல நான் யார்? பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன் (எங்கள் பாட்டிக்கு அது கடைசிவரை நாக்ஸ்பேட்தான்). பதினைந்து வருஷமாக மெல்பர்னில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டுகிறேன். சர்ஜன் இதயத்தைத் திறந்து தைக்கிற நேரம் முழுக்க, குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புவது என் பம்ப்தான். பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று சொன்னால் புரியாது என்று அம்மாவிடம் "பம்ப் ஆபரேட்டர்" என்று சொல்லி வைத்தேன். தெருவில் பாதிப் பேர் எனக்கு இங்கே குடிநீர் வாரியத்தில் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பெருந்தமனி வளைவை வெட்டி ஒட்டுவது போன்ற சில வேலைகளில் ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டிவரும். அதற்காக உடம்பை 18 டிகிரி வரை குளிர வைப்போம். 10 டிகிரி இறங்கினால் மூளையின் ஆக்ஸிஜன் பசி பாதிக்கும் கீழே போய்விடும். அந்தக் குளிரை நம்பித்தான் பம்பை நிறுத்துகிறோம். எத்தனை நிமிஷம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

பாஸ்டனில் இதை உட்கார்ந்து அளந்தார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகள், 1988-லிருந்து 1992 வரை. ஒரு அணிக்குப் பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்தி ஆபரேஷன், இன்னொரு அணிக்குப் பெரும்பாலும் மெதுவாக ஓடவிட்டு ஆபரேஷன். அதோடு விட்டுவிடவில்லை. 1 வயதில், 4 வயதில், 8 வயதில், 16 வயதில் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். நிறுத்திய அணிக் குழந்தைகள் 1 வயதில் கைகால் இயக்கத்தில் பின்தங்கினார்கள். சுமார் 41 நிமிஷத்தைத் தாண்டினால் பாதிப்பு ஏறுகிறது என்று 2003-ல் கணக்கு வந்தது. ஆனால் என்னை உலுக்கியது 8 வயது முடிவுதான். இரண்டு அணியிலும் ஐக்யூ கிட்டத்தட்ட ஊர்க் குழந்தைகள் மாதிரியேதான். கவனம் நிற்பது, ஒரு படத்தைப் பார்த்து அப்படியே வரைவது, மனதில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைச் செய்வது... இதிலெல்லாம் இரண்டு அணியுமே தடுமாறியது. மூன்றில் ஒருவருக்கும் மேல் பள்ளியில் தனி உதவி வேண்டியிருந்தது.

கவனியுங்கள், இது வெறும் பம்பின் குற்றம் இல்லை. சிக்கலான இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தையின் மூளை, பத்து மாதம் நிறைந்து பிறந்தாலும் ஒரு மாதம் முன்னால் பிறந்த குழந்தையின் மூளை போல இருக்கிறது என்று பின்னால் வந்த ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. அதாவது ஆபரேஷன் டேபிளுக்கு வரும்போதே அது பாதுகாப்பு தேவைப்படும் மூளை. உதடு நீலம் பாரித்த குழந்தையை "கொஞ்சம் வெயிட் ஏறட்டும்" என்று மாதக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

மர்பி டவுனில் எங்கள் பின்தெருவில் ஒரு பையன். ஆறு மாசத்தில் ஆபரேஷன். இப்போது இரண்டாம் வகுப்பு. போன தடவை போயிருந்தபோது அவன் அம்மா பிடித்துக்கொண்டார். "தம்பி, சக்சஸ்னுதான் எழுதிக் குடுத்தாங்க. ஓடறான், ஆடறான். டீச்சர் மட்டும் சோம்பேறிங்கறாங்க, போர்டைப் பாத்து எழுதமாட்டேங்கறான்னு அடிக்கறாங்க." டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினார். நாலு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். வால்வு பற்றி, மருந்து பற்றி, தையல் பற்றி எல்லாம் இருந்தது. மூளை வளர்ச்சி பற்றி ஒரு வரி இல்லை. இது சோம்பேறித்தனம் இல்லை என்று அந்தத் தாய்க்கு ஏழு வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லை.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். "இந்தியாவில் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள், உயிரைக் காப்பாற்றவே வழியில்லை, இதில் மூளையாம்!" கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் ஏறி பொம்மசந்திராவுக்கும் ஜெயதேவாவுக்கும் வைட்ஃபீல்டுக்கும் வருகிற கூட்டத்தைப் பார்த்தவன் நான். அந்த சர்ஜன்களின் கைத்திறமைக்கு முன்னால் நாங்கள் யாரும் பேச முடியாது. ஆனால் இந்த வாதம் எனக்குச் செரிக்கவில்லை. மூளையைக் காப்பதில் பாதி, காசில்லாத வேலை. அவசரப்படாமல் குளிர வைப்பது. திரும்பச் சூடேற்றும்போது 37-ஐத் தாண்டாமல் பார்ப்பது. ஐசியூவில் காய்ச்சல் ஏறவிடாதது. ரத்தத்தை ரொம்ப நீர்க்கவிடாதது (சிவப்பணு அளவை 20 சதவீதத்துக்கு இறக்கிய குழந்தைகள், 30-ஐ ஒட்டி வைத்தவர்களைவிட 1 வயதில் பின்தங்கியதை அதே பாஸ்டன்காரர்கள் 2003-ல் காட்டினார்கள்). நெற்றியில் ஒட்டி மூளையின் ஆக்ஸிஜனைக் காட்டும் சென்சாருக்குக் காசு ஆகும், ஒப்புக்கொள்கிறேன்.

பின்தொடர்வதும் அப்படித்தான். திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சி அட்டவணை ஒன்று இருக்கிறது. 2 வயது வரைக்கும் 17 கேள்வி. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் பின்தங்கியது எது என்று தெரிந்துவிடும். பத்து நிமிஷம்கூட ஆகாது. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் இருக்கிறது, வளர்ச்சிக் குறைபாடும் இருக்கிறது, மாவட்டங்களில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களும் உண்டு. ஒரே திட்டம். ஆனால் இதயம் சரியானவுடன் ஃபைலை மூடிவிட்டால், அந்த மையம் இருப்பதே வீட்டுக்குத் தெரியாது. நான் பேசிப் பார்த்த ஒரு குடும்பத்துக்கும் தெரியவில்லை.

இனி நம் பக்கம். வெளிநாட்டுத் தமிழர்கள் நாம் இந்த ஆபரேஷன்களுக்கு நிறையக் கொடுக்கிறோம். பொங்கல் விழாவில் "ஒரு பிஞ்சு இதயத்துக்கு" என்று பேனர், கட்டுப்போட்ட மார்போடு சிரிக்கும் குழந்தையின் படம், கைதட்டல், சாப்பாடு. அடுத்த வருஷம் வேறு குழந்தை. போன வருஷக் குழந்தை உட்கார்ந்ததா, பேசியதா, பள்ளிக்குப் போகிறதா என்று நம்மில் யாராவது கேட்டோமா? கணக்கில் "10 உயிர்கள்" என்று போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் சங்கக் கமிட்டியில் கேட்டேன். எட்டு ஆபரேஷனுக்குக் கொடுப்போம். மீதி இரண்டின் பணத்தில் இந்த எட்டுக் குழந்தைகளும் 1 வயதிலும் 3 வயதிலும் பள்ளி சேரும்போதும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வந்து போக பஸ் காசும், அப்பாவின் ஒரு நாள் கூலியும், அம்மாவுக்குப் புரிகிற தமிழிலோ கன்னடத்திலோ ஒரு பக்கக் குறிப்பும் கொடுப்போம் என்று. இரண்டு உயிரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா என்று ஒருவர் கொதித்தார். நியாயமான கோபம், அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அப்படியானால் இன்னும் கொஞ்சம் அதிகம் வசூலிப்போம் என்றேன். பொருளாளர் கேட்டது வேறு: "பஸ் டிக்கெட்டை எப்படிங்க பேனர்ல போடறது?"

போடவேண்டாம். டிக்கெட்டை வாங்கிக் கொடுங்கள்.